வண்டி தரும் வாக்குமூலம்

*காற்றுக்கு விதிக்கும் தரம் ஆண்டுக்காண்டு கடுமையாகிறது. வண்டிக்கு வைக்கும் பரீக்ஷையோ சுருங்கிக்கொண்டே வருகிறது. நியூ ஜெர்சியின் புகைப் பரிசோதனை விதிகளை இனி எப்படித் திருத்துவது?*

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. எடிசன் நகரின் கில்மர் சாலையிலுள்ள மோட்டார் வாகனப் பரிசோதனை நிலையத்தின் வாயிலில், கதவு திறப்பதற்கு முன்னமேயே கார்களின் வரிசை வளைந்து நெளிந்து சாலையை எட்டிவிட்டிருக்கிறது. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து 287-ஆம் நெடுஞ்சாலை வழியே வந்த பழைய கேம்ரி ஒன்றின் பின்னிருக்கையில், திரும்பும் வழியில் பாலாஜி கோயிலில் அர்ச்சனை செய்வதற்கென்று எடுத்துவைத்த தேங்காயும் பழமும் உருண்டுகொண்டிருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் இளைஞர் நிமிஷத்துக்கொரு தரம் எதிரிலுள்ள மானிகளை எட்டிப் பார்த்துக்கொள்கிறார். அங்கே எஞ்சின் வடிவத்தில் மஞ்சளாக ஒரு சிறு விளக்கு முந்தாநாள்வரை எரிந்துகொண்டிருந்தது. நண்பரொருவர் சொன்ன உபாயத்தின்படி பாட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டியதில் அது அணைந்துவிட்டது. முறை வருகிறது. பரிசோதகர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை நுழைத்து, பதினாறு முனைகள் கொண்ட ஒரு செருகுவாயில் வடத்தைப் பொருத்துகிறார், கணினித் திரையைப் பார்க்கிறார், தலையை அசைக்கிறார். வண்டியின் உள்ளிருக்கும் கண்காணிப்புகள் இன்னும் "தயாராக இல்லை" என்கிறது திரை. பரீக்ஷை அத்துடன் முடிந்தது. புகைக்குழாய் இருக்கும் பின்பக்கத்துக்கு எவரும் போகவே இல்லை.

விளக்கை அணைத்தவர் தோற்றுப்போனார் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புகைப் பரிசோதனை என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு காரியத்தில் புகையை யாருமே பார்ப்பதில்லை என்பதும், வண்டி தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் வாக்குமூலத்தை வாங்கிப் படிப்பதோடு சர்க்காரின் கடமை நிறைவேறிவிடுகிறது என்பதும், அந்த வரிசையில் நிற்கும் பெரும்பாலோருக்குத் தெரியாது. கோயில் காண்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு "அண்ணா, உங்க வண்டி பாஸ் ஆயிடுச்சா?" என்று விசாரிக்கும்போது நம்முடைய கவலையெல்லாம் கண்ணாடியில் ஒட்டும் சீட்டைப் பற்றியதாக இருக்கிறதேயன்றி, அந்தச் சீட்டு எந்தக் காற்றுக்காக ஏற்பட்டதோ அந்தக் காற்றைப் பற்றியதாக இருப்பதில்லை.

சீட்டு வந்த கதை

நியூ ஜெர்சி இவ்விஷயத்தில் முன்னோடி. 1938-ஆம் ஆண்டிலேயே, பிரேக்கும் விளக்கும் சரியாக உள்ளனவா என்று பார்க்கும் கட்டாயப் பரிசோதனையை மாநில சர்க்கார் தானே நடத்தத் தொடங்கிற்று. 1970-இல் சுத்தக் காற்றுச் சட்டம் பிறந்தபின், 1974-இல், நாட்டிலேயே முதன்முதலாக அப்பரிசோதனையுடன் புகைப் பரிசோதனையையும் இம்மாநிலம் சேர்த்தது. 1990-இல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, காற்று கெட்டுக்கிடக்கும் பெருநகரப் பிராந்தியங்கள் மேலும் கடுமையான பரிசோதனையை நடத்தியாக வேண்டுமென்று விதித்தது. அதன் விளைவாக 1999 டிசம்பரில், வண்டியின் சக்கரங்களை உருளைகளின்மேல் ஓடவிட்டு, ஓடும் நிலையிலேயே புகையை அளக்கும் புதிய முறை இங்கே அரங்கேறிற்று.

அரங்கேற்றம் நன்றாக அமையவில்லை. யந்திரங்கள் பழுதாயின, குளிரில் மணிக்கணக்காக ஜனங்கள் காத்துக்கிடந்தார்கள், ஒப்பந்தத்துக்கு விலை குறித்து வந்தது பார்சன்ஸ் என்ற ஒரே ஒரு நிறுவனந்தான் என்பது வெளிப்பட்டு, 2002-இல் மாநில விசாரணைக் கமிஷன் அந்த ஒப்பந்தத்தை மிகக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. நல்ல நோக்கத்துடன் பிறந்த ஒரு விதி, நிர்வாகக் கோளாற்றினால் ஜனங்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டால், பிறகு அதைத் தளர்த்துகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைப்பதில் வியப்பில்லை. தளர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2010 ஆகஸ்டு முதல் சொந்தக் கார்களுக்குப் பிரேக், டயர், விளக்குப் பரிசோதனை அடியோடு நீக்கப்பட்டது. புதுக் காருக்கு முதற் பரிசோதனை நான்காம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. 2016 மே முதல் புகைக்குழாயில் குழல் செருகி அளக்கும் முறையும் மறைந்தது; 1995-ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தியவையுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையே இல்லையென்றாயிற்று. மின்சாரக் கார்களுக்குப் புகைக்குழாயே கிடையாதாகையால் அவை இந்த வரிசையில் நிற்பதில்லை. அதற்கு ஈடாகவோ என்னவோ, 2024 ஜூலை முதல் அவற்றுக்கு ஆண்டுக்கு 250 டாலர் பதிவுக் கட்டணம் ஏற்பட்டு, அது ஆண்டுதோறும் 10 டாலராக ஏறிக்கொண்டிருக்கிறது. வண்டியை வாங்கியவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரைக்கு இடம் போதாது.

---

பெட்டி: இன்றைய விதி, சுருக்கமாக

▪ புதுக் காருக்கு முதற் பரிசோதனை ஐந்தாம் ஆண்டில். பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறை.

▪ சர்க்கார் நிலையங்களில் பரிசோதனை இலவசம். உரிமம் பெற்ற தனியார் பட்டறைகளில் கட்டணம் உண்டு.

▪ பெட்ரோல் கார்களில் 1996 மாடல் முதல் உள்ளவற்றுக்கு ஓ.பி.டி. என்னும் உள்கணினிப் பரிசோதனை மட்டுமே.

▪ 2001 மாடல் முதல் ஒரே ஒரு கண்காணிப்பு மட்டும் "தயாராக இல்லை" என்றிருக்கலாம். 1996 முதல் 2000 வரையுள்ள மாடல்களுக்கு இரண்டு.

▪ சீட்டு காலாவதியானாலோ, தோற்ற வண்டியைப் பழுதுபார்க்காமல் ஓட்டினாலோ 100 முதல் 200 டாலர் அபராதம், அல்லது 30 நாள்வரை சிறை, அல்லது இரண்டும். வண்டிப் பதிவும் ரத்தாகலாம்.

---

மஞ்சள் விளக்கின் கணக்கு

பாட்டரிக் கம்பியைக் கழற்றினால் விளக்கு அணைவதும், ஆயினும் வண்டி தோற்பதும் எதனால் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த யந்திரத்தின் நியாயத்தை அறிந்தவர்களுக்கே அதன் பலவீனமும் புலப்படும்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு காரிலும், எரிபொருள் கலவை, ஆக்ஸிஜன் உணரிகள், பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடிக்கும் அமைப்பு, புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றியமைக்கும் காட்டலிடிக் கன்வெர்ட்டர் ஆகியவற்றை ஓயாமல் கண்காணிக்கும் கணினி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. ஏதேனும் ஓர் உறுப்பு கெட்டு, அதனால் வெளிப்படும் நச்சு, மத்திய சர்க்கார் அந்த மாடலுக்கு விதித்த வரம்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்று கணினி கருதினால் மஞ்சள் விளக்கு எரியும். பாட்டரியைக் கழற்றினால் கணினியின் நினைவு அழிந்துபோகும். ஆனால் கூடவே, "இந்த உறுப்பை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்" என்று அது வைத்திருந்த குறிப்பும் அழியும். அந்தக் குறிப்புகள் மறுபடியும் நிரம்புவதற்கு, வண்டி குளிர்ந்த நிலையிலிருந்து கிளம்பி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடி, ஊருக்குள் நின்று நின்று செல்லும் வகையில் சில நாள் பிரயாணம் செய்தாக வேண்டும். குறைந்தபட்சம் இந்தச் சாமானிய தந்திரத்துக்கு யந்திரம் ஏமாறுவதில்லை.

பழைய குழல் செருகும் முறையைக் காட்டிலும் இது பல வகையில் மேலானதே. குழல், அந்தச் சில நிமிஷப் புகையை மட்டுமே அறியும். உள்கணினியோ இரண்டாண்டுப் பிரயாணத்தையும் உடனிருந்து பார்த்தது. 1970-ஆம் ஆண்டு மாடல் கார்களோடு ஒப்பிட்டால் இன்றைய புதுக் கார் வெளியிடும் நச்சு நூற்றில் ஒரு பங்குதான் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வதிலும் மிகையில்லை. ஆகவே பரீக்ஷை சுருங்கியதெல்லாம் அநியாயம் என்று வாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1996-க்கு முந்திய கார்களை விட்டுவிட்டதுகூட, அவற்றுள் மிகச் சிலவே இன்னும் சாலையில் ஓடுகின்றன என்பதனால், ஒருவாறு ஏற்கத்தக்கதே.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. வண்டி சுத்தமாயிற்று, காற்று போதுமான அளவு சுத்தமாயிற்றா?

கனெக்டிகட்டுக்குப் போகும் நம் புகை

ஆகவில்லை என்பதே சட்டப்படியான விடை. தரைமட்ட ஓசோனுக்கு 2008-இல் நூறு கோடியில் 75 பங்கு என்றிருந்த தேசிய வரம்பு, 2015-இல் 70 ஆகக் குறைக்கப்பட்டது. நியூ ஜெர்சியின் வடபாதி நியூயார்க் பிராந்தியத்துடனும் தென்பாதி ஃபிலடெல்ஃபியா பிராந்தியத்துடனும் சேர்க்கப்பட்டு, மாநிலம் முழுவதுமே அந்த வரம்பை எட்டாத பகுதியென்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 பிப்ரவரியில் 9 ஆகக் குறைத்தது. 2025 நவம்பரில், ஆட்சி மாறிய பின்பு, வரம்பை விதித்த அதே முகமை அதனை ரத்துசெய்யும்படி நீதிமன்றத்தை வேண்டிக்கொண்டது என்பது அமெரிக்க அரசியலின் விசித்திரங்களுள் ஒன்று.

ஓசோன் எந்தக் குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. கார்களும் லாரிகளும் உமிழும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், பெட்ரோலும் கரைப்பான்களும் ஆவியாகி எழும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வெந்து உண்டாகும் வாயு அது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கண்ணெரிச்சலுக்கு இதுவே மூலம் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் விஞ்ஞானி நிரூபித்தார். காலையில் 287, 22 ஆகிய நெடுஞ்சாலைகளில் நாம் விட்டுச்செல்லும் புகை, பிற்பகல் வெயிலில் ஓசோனாகக் கனிந்து, தென்மேற்குக் காற்றோடு நகர்ந்து, கனெக்டிகட்டின் கடற்கரை ஊர்களில் போய் இறங்குகிறது. அவ்வாறே பென்ஸில்வேனியா, ஒஹையோ முதலிய மேற்கு மாநிலங்களின் புகை நம் தலைமேல் வந்து இறங்குகிறது. தன் வாசலைப் பெருக்கினால் போதும் என்று எந்த மாநிலமும் இருந்துவிட முடியாதபடி இயற்கை செய்திருக்கிற ஏற்பாடு இது.

இதன் விளைவை நம் வீடுகளிலேயே காணலாம். தமிழ்நாட்டுக் கோடைக்குத் தப்பி ஆறு மாதத்துக்கு இங்கு வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் இங்கே இருக்கிறார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குக் காப்பி அருந்திவிட்டு உலாவப் புறப்படும் அவர்களின் வழக்கம், ஓசோன் உச்சத்திலிருக்கும் வேளையோடு துல்லியமாகப் பொருந்திப்போகிறது. 2023 ஜூன் 7-ஆம் தேதி கனடாவின் காட்டுத்தீப் புகை வந்து வானத்தைச் செம்மஞ்சளாக்கியபோது எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டோம், கண்ணுக்குத் தெரிந்தபடியால். ஓசோனுக்கு நிறமில்லை. வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும் நாளில்தான் அது அதிகம்; ஆஸ்த்மா உள்ள குழந்தை மைதானத்திலிருந்து இளைத்துக்கொண்டு திரும்பி வரும் அன்று, காற்றுத்தர வரைபடம் ஆரஞ்சு நிறம் காட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பொய் சொல்லக் கற்ற யந்திரம்

வாக்குமூலத்தை நம்பி நடத்தும் விசாரணையில், வாக்குமூலம் கொடுப்பவன் யோக்கியனாக இருக்கவேண்டும். யோக்கியமில்லாத வண்டிகளும் உண்டு என்பதை உலகம் 2015 செப்டம்பரில் அறிந்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களில், பரிசோதனைக்கூடத்தில் ஓடுகிறோமா, மெய்யான சாலையில் ஓடுகிறோமா என்பதைக் கண்டுகொள்ளும் மென்பொருளை ஒளித்துவைத்து, பரிசோதனையில் நல்லபிள்ளையாகவும் சாலையில் வரம்பைப் போல் நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு கக்குவதாகவும் ஓடச் செய்திருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். அமெரிக்காவில் முதல் நோட்டீஸில் மட்டுமே 4,82,000. அவற்றுள் மாநிலப் பரிசோதனைக்கு வந்தவை கம்பீரமாகத் தேறிவந்தன.

இதை வெளிக்கொணர்ந்தது எந்த மாநிலத்தின் பரிசோதனை நிலையமும் அன்று. சுத்தப் போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் கேட்டுக்கொண்டதன்பேரில், வெஸ்ட் வர்ஜீனியா சர்வகலாசாலையின் சிறு குழுவொன்று, அளவுக் கருவிகளைக் காரின் பின்புறத்திலேயே ஏற்றிக்கொண்டு, கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டி ஓட்டி அளந்து கண்டுபிடித்தது. டேனியல் கார்டர் தலைமையிலான அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நமக்குப் பழக்கமான பெயர்களும் உண்டு. நியூ ஜெர்சிக்கு அந்த மோசடியின் இழப்பீட்டு நிதியிலிருந்து சுமார் 7 கோடியே 20 லட்சம் டாலர் கிடைத்தது. மின்சாரப் பஸ்களும் லாரிகளும் சார்ஜ் நிலையங்களும் அதிலிருந்து வந்தன. ஆனால் பரிசோதனை விதியில் அந்தப் பாடம் ஏறவில்லை. வண்டியின் வாக்குமூலத்தோடு வெளியிலிருந்து எடுக்கும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்த ஏற்பாடும் இன்றி, முன்போலவே செருகுவாயில் வடத்தைச் செருகிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை பெரிய மோசடிதான் வேண்டுமென்பதில்லை. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, அது இருப்பதாகவே கணினியை நம்பச் செய்யும் மென்பொருளும் கருவியும் சந்தையில் விலைக்குக் கிடைக்கின்றன. தோற்கும் வண்டிக்குப் பதிலாக நல்ல வண்டியொன்றில் வடத்தைச் செருகிச் சீட்டு வழங்கும் வழக்கமும் பல மாநிலங்களின் தனியார் பட்டறைகளில் பிடிபட்டிருக்கிறது. ஊரில் பெட்ரோல் பங்க் ஓரத்து வேனில் புகைச் சான்று வாங்கியவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆவது விதியின்படி கொடுக்கப்படும் அந்தச் சான்று, பெட்ரோல் வண்டி நின்றபடி வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்குமேயன்றி, ஓசோனுக்குத் தாயான நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பின் அபராதம் 10,000 ரூபாய் வரை உயர்ந்தும், தில்லியில் வரம்பை மீறிய லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குத் தேர்ச்சிச் சான்று வழங்கப்பட்டிருந்ததைத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2025-இல் அம்பலப்படுத்திற்று. அபராதத்தை ஏற்றுவதால் மட்டும் அளவுகோல் நேராகிவிடுவதில்லை.

லாரிக்கு ஒரு நீதி

287-இல் நாள்தோறும் பயணம் செய்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: நூவர்க், எலிஸபெத் துறைமுகங்களிலிருந்து மேற்கேயுள்ள கிடங்குகளை நோக்கி விரைந்துகொண்டிருக்கும் கொள்கலன் லாரிகளின் முடிவற்ற ஊர்வலம். கனரக டீசல் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. ஆனால் அங்கே நெடுங்காலமாக அளக்கப்பட்டுவந்தது புகையின் கருமை. நைட்ரஜன் ஆக்ஸைடு கரியநிறமுள்ளதன்று. துகள் வடிகட்டி நன்றாக வேலை செய்து, நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் யூரியா அமைப்பு முற்றிலும் செயலிழந்த லாரியொன்று, கருமைப் பரிசோதனையில் முதல் மார்க் வாங்கிவிட்டு, அன்றைய ஓசோனுக்குப் பெரும்பங்கு கொடுத்துக்கொண்டே போகலாம். ஐந்தாண்டுக் காரின் மஞ்சள் விளக்கைத் துருவி ஆராயும் சட்டம் இதைக் காணாமல் விடுவது, கொசுவை வடிகட்டி யானையை விழுங்குவதேயாகும்.

கலிபோர்னியா இதை உணர்ந்து, கனரக லாரிகளும் தத்தம் உள்கணினித் தரவைக் காலந்தவறாமல் சமர்ப்பிக்கவேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்திருக்கிறது. நியூ ஜெர்சி புதுக் கார்களின் தரத்தில் 2009 முதல் கலிபோர்னியாவைப் பின்பற்றும் மாநிலம். 2027 மாடல் முதல் மின்சாரக் கார்களின் பங்கைப் படிப்படியாக உயர்த்தும் விதியையும் 2023 நவம்பரில் ஏற்றது. 2025 ஜூனில் காங்கிரஸின் தீர்மானம் அத்தகைய விதியை இயற்றும் கலிபோர்னியாவின் அதிகாரத்தையே பறிக்க முற்பட்டு, விவகாரம் வழக்குமன்றம் ஏறியிருக்கிறது. புதுக் கார்களின் தரத்தில் மாநிலத்தின் கை இவ்வாறு கட்டப்படுமானால், ஓடும் வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரம் ஒன்றுதான் அதன் கையில் திடமாக எஞ்சும். அதனால்தான் இந்தப் பழைய, அலுப்பூட்டும் சீட்டு விவகாரம் இன்று திடீரென்று முக்கியத்துவம் பெறுகிறது.

எடுத்துவிட்டால் என்ன?

பரிசோதனையையே எடுத்துவிடலாம் என்று சொல்கிற மாநிலங்களும் இருக்கின்றன. டெக்ஸஸ் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையை ஒழித்தது; ஆனால் கட்டணத்தை ஒழிக்கவில்லை. 7 டாலர் 50 சென்ட் "மாற்றுக் கட்டணம்" பதிவோடு சேர்ந்து வருகிறது. புகைப் பரிசோதனையை மட்டும் அவர்களாலும் எடுக்க முடியவில்லை: டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், எல் பாஸோ சூழ்ந்த 17 கவுன்டிகளில் அது நிலைத்திருக்கிறது, 2026 நவம்பரில் சான் அன்டோனியோவின் பெஹார் கவுன்டியும் சேருகிறது. பிளேனோவிலும் ஃபிரிஸ்கோவிலும் சுகர் லாண்டிலும் உள்ள நம்மவர்கள், "அங்கே இன்ஸ்பெக்‌ஷனே கிடையாதாமே" என்று கேட்கும் நியூ ஜெர்சி உறவினர்களுக்கு அளிக்கவேண்டிய விடை இதுதான். நியூ ஹாம்ப்ஷயர் ஒருபடி மேலே சென்று 2025-இல் பரிசோதனை முழுவதையுமே ரத்துசெய்யச் சட்டமியற்றிற்று. பரிசோதனையை நடத்திவந்த நிறுவனமே, சுத்தக் காற்றுச் சட்டத்தைக் காட்டிக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

காரணம் எளிது. காற்றுத்தரத்தை எட்டாத மாநிலம் ஒவ்வொன்றும், எவ்வாறு எட்டப்போகிறோம் என்ற திட்டத்தை மத்திய முகமையிடம் சமர்ப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்கிறது. அத்திட்டத்தில் எழுதிய ஒன்றை, காற்று அதனால் கெடாது என்று நிரூபிக்காமல் கிழித்தெறிய முடியாது. மீறினால் நெடுஞ்சாலை மானியம் நிறுத்தப்படும். புதுத் தொழிற்சாலை திறக்க விரும்புவோர், தாம் உண்டாக்கும் மாசுக்கு இருமடங்கு மாசை வேறிடத்தில் குறைத்துக் காட்டவேண்டிவரும். ஆக, பரிசோதனை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்கு இடம் மிகக் குறைவு. எத்தகைய பரிசோதனை என்பதே விவாதம்.

யார் தலையில் விடிகிறது?

சட்டம் எல்லோருக்கும் ஒன்று. மஞ்சள் விளக்கு எல்லோருக்கும் ஒன்றன்று. புதிய கார் வைத்திருப்பவருக்கு ஐந்தாண்டுகளுக்குக் கவலையே இல்லை; ஆறாம் ஆண்டில் அவர் அதை மாற்றிக்கொண்டுவிடுகிறார். அந்தக் கார் கைமாறி, ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் முதுகலை படிக்க வந்த மாணவரிடமோ, ஒற்றைச் சம்பளத்தில் மூன்று பேரைக் காக்கும் புதுக் குடும்பத்திடமோ, அல்லது நம் கடைகளிலும் ஓட்டல்களிலும் பின்கட்டில் உழைக்கும் ஒருவரிடமோ வந்து சேரும்போதுதான் விளக்கு எரியத் தொடங்குகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்று விலையுயர்ந்த உலோகங்கள் அடங்கிய கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு, வண்டியின் விலையில் பெரும்பகுதியைக் கேட்பார்கள். பணமில்லாதவன் என்ன செய்வான்? பாட்டரியைக் கழற்றுவான், மலிவான தந்திரங்களைத் தேடுவான், கடைசியில் காலாவதியான சீட்டுடனேயே ஓட்டி, போலீஸைக் கண்டால் வேறு சந்தில் திரும்புவான். காற்றும் சுத்தமாகவில்லை, அவனும் குற்றவாளியானான்.

கலிபோர்னியாவில் வருமானம் குறைந்தவர்களின் தோற்ற வண்டியைப் பழுதுபார்க்க ஆயிரம் டாலருக்கு மேல் சர்க்காரே உதவுகிறது. பழுதுபார்க்க முடியாததைப் பணம் கொடுத்து வாங்கி உடைத்துவிடுகிறது. டெக்ஸஸிலும் இப்படியொரு திட்டம் இருந்தது. 2017-இல் ஆளுநர் அதன் நிதியை வெட்டினார். நியூ ஜெர்சியில் பரிசோதனையைத்தான் இலவசமாக வைத்திருக்கிறோம். நோயைச் சொல்வதற்குக் கட்டணமில்லை, மருந்து உங்கள் செலவு.

---

பெட்டி: பலர் அறியாத உரிமை

காட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்கும், ஓ.பி.டி. கணினிக்கும் மத்திய சட்டப்படி 8 ஆண்டு அல்லது 80,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, தயாரிப்பாளரின் உத்தரவாதம் உண்டு. வண்டி கைமாறினாலும் உத்தரவாதம் கூடவே வரும்.

மற்ற உறுப்புகளால் மாநிலப் பரிசோதனையில் தோற்றால் அச்சட்டப்படி கிடைக்கும் உத்தரவாதம் 2 ஆண்டு அல்லது 24,000 மைல் மட்டுமே. நியூ ஜெர்சியில் முதற் பரிசோதனையே ஐந்தாம் ஆண்டில் என்பதால், அது இங்கே ஏட்டுச் சுரைக்காய்.

ஆண்டுக்கு 16,000 மைல் ஓட்டுபவருக்கு 80,000 மைல் சரியாக ஐந்தாம் ஆண்டில் தீர்ந்துவிடும். ஆகவே முதற் பரிசோதனைக்கு நாள் வரும்வரை காத்திராமல், மைல்கணக்கு அந்த எல்லையைத் தொடுமுன்பே மஞ்சள் விளக்கை டீலரிடம் காட்டிவிடுங்கள்.

---

எதைத் திருத்துவது?

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1999-இன் உருளைகளைத் திரும்பக் கொண்டுவருவதால் பயனில்லை; நல்ல வண்டிகள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்று, கெட்ட வண்டிகள் சிலவற்றைக் கண்டுபிடிக்கும் முறை அது. சாலையில் ஓடும் மாசின் பெரும்பகுதிக்கு வண்டிகளில் ஒரு சிறு பகுதியே காரணம் என்பதை, டென்வர் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த டானல்டு ஸ்டெட்மன் பல்லாண்டுகளுக்கு முன்பே காட்டினார். சாலையோரத்தில் ஓர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, கடந்து செல்லும் வண்டியின் புகையை அக்கணமே அளக்கும் கருவியை உருவாக்கியவர் அவர். கொலராடோ மாநிலம் அந்த முறையைப் பயன்படுத்தி, சாலையிலேயே சுத்தமென்று தெரியவந்த வண்டிகளுக்கு நிலையத்துக்கு வரும் சிரமத்தைத் தவிர்க்கிறது. 287-இன் நுழைவாயில்களில் அத்தகைய கருவிகள் சிலவற்றை நிறுத்தினால், வண்டியின் வாக்குமூலம் மெய்யா, பொய்யா என்பதற்கு வெளிச்சாட்சி கிடைக்கும். நல்ல வண்டிக்காரருக்குச் சனிக்கிழமை மிஞ்சும். லாரிகளின் கருமையை அளப்பதோடு நில்லாமல் அவற்றின் உள்கணினியையும் படிக்கவேண்டும். மென்பொருள் திருத்தப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனை ஒவ்வொரு பரிசோதனையிலும் சேரவேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமாக, தோற்கும் ஏழையின் வண்டிக்குப் பழுதுபார்ப்பு உதவி வேண்டும். அது இல்லாமல் மற்றவற்றைக் கடுமையாக்குவது, மாசைக் குறைப்பதற்குப் பதில் மறைப்பதற்கே வழிவகுக்கும்.

இத்தகைய திருத்தங்கள் எதுவும் மாநிலத் தலைநகரான ட்ரென்டனில் ஒரே இரவில் எழுதப்படுவதில்லை. மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவும் மோட்டார் வாகனக் கமிஷனும் விதியை மாற்ற விரும்பினால், நகலை நியூ ஜெர்சி ரெஜிஸ்டரில் வெளியிட்டு, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு, வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது லாரிக் கம்பெனிகளும் பட்டறைச் சங்கங்களும் எண்ணெய்க் கம்பெனிகளும் வக்கீல்களை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. வரிசையில் நிற்பவர்களிடமிருந்து கடிதம் வருவது அபூர்வம். ஓட்டுப் போடுவதற்குத்தான் குடியுரிமை வேண்டும். இந்தக் கருத்தை எழுதுவதற்கு வேண்டியதில்லை. விசாவில் இருப்பவரும், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும், கோடைக்கு வந்திருக்கும் பெற்றோரும்கூட எழுதலாம். அடுத்த நகல் வெளியாகும்போது, உங்கள் குழந்தையின் இன்ஹேலரைப் பற்றியும், 287-இன் லாரிகளைப் பற்றியும், எரியும் மஞ்சள் விளக்குக்குப் பட்டறையில் கேட்ட தொகையைப் பற்றியும் உங்கள் கைப்பட நான்கு வரி எழுதி அனுப்புங்கள்.